விளக்கை அணைக்கிற ஸ்கேனர்

காருக்கு ஸ்கேனர் வாங்குகிறவர்கள் பழுது என்னவென்று தெரிந்துகொள்ள வாங்குவார்கள். நான் அடி வாங்காமல் இருப்பதற்காக வாங்கினேன்.

நல்லூரில் எங்களுக்குச் சின்ன பனியன் கம்பெனி இருந்தது. வெட்டிய துணி பீஸ்களைக் காரில் பிரிண்டிங்குக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவருவது என் வேலை. அதற்காகவே என் வீட்டுக்காரர் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளட்சைத் தப்பாக விட்டால் தலையில் குட்டு விழும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்ததும் குட்டு அவருக்குப் போதவில்லை. "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தாண்டி" என்று சாவிக்கொத்தாலேயே காதோடு சேர்த்து அறைந்தார். மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி விளக்கை அணைத்துவிட்டு, சென்சார் கோளாறு, ஓட்டுகிறவர் மேல் தப்பில்லை என்றார். அது என் வீட்டுக்காரர் காதில் ஏறவே இல்லை.

மறுபடி விளக்கு எரிந்த அன்று, கம்பெனியில் எல்லோரும் பார்க்கத் துணி வெட்டும் கத்தரியைத் தூக்கி எறிந்தார். என் புருவம் கிழிந்தது. பேக்கிங்குக்கு அடுக்கியிருந்த வெள்ளை டி-ஷர்ட்டுகளின் மேல் ரத்தம் சொட்டியது. "பீஸ் போச்சு, பீஸ் போச்சு!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய்க் கறை எடுக்கிற பெண் கெமிக்கலைப் பீய்ச்சுகிற கன்னை எடுத்து வந்து, என் ரத்தத்தைத் துளித் துளியாக அடித்துப் போக்கினாள். அந்த டி-ஷர்ட்டுகள் ஷிப்மென்ட்டில் போய்விட்டன. என் புருவத்தை யாரும் பார்க்கவில்லை.

அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். இனி விளக்கு எரிந்தால் அவர் கண்ணில் படுவதற்குள் நானே அணைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

உதிரிபாகக் கடைக்காரப் பாய் கண்ணாடி மேசைமேல் மூன்று ஸ்கேனர்களை வைத்தார். சின்னது கோளாறின் நம்பரை மட்டும் காட்டும், அழிக்காது. நடுவில் இருந்தது கோளாறை எழுத்திலும் காட்டும், அழிக்கவும் செய்யும். பெரியது மெக்கானிக்குகளுக்கானது. அதன் விலையைக் கேட்டதும் அதை ஓரமாகத் தள்ளினேன்.

"எழுத்துல காட்டறத எடுங்கக்கா. என்ன கோளாறுன்னு தெரிஞ்சா எந்த மெக்கானிக்கும் உங்கள ஏமாத்த முடியாதுங்க."

"அதெல்லாம் இருக்கட்டுங்க பாய். வெளக்க அணைக்குமா?"

"அணைக்குமுங்க. கோளாறு அப்படியே இருக்குமே? மறுக்கா எரியுமுங்க."

"எரியட்டும். மறுக்கா அணைச்சுக்கறேன்."

என் புருவத்தில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். வெளியே என் காருக்கு வந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகி, "உங்க வண்டிக்கு ஒத்துவருதான்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கோணும்" என்றார். திரையில் எழுத்து வந்தது. "இன்னொண்ணுங்கக்கா. வெளக்கு நின்னு எரிஞ்சா பயப்பட வேண்டாம், மெதுவா ஓட்டிட்டுப் போயிரலாம். விட்டு விட்டு மின்னுச்சுன்னாத்தான் ஓரங்கட்டோணும்."

தலையாட்டினேன். என் கவனமெல்லாம் அது எதற்குள் அடங்கும் என்பதில்தான் இருந்தது. நடுவில் இருந்ததை ஒயரோடு மடித்தால் நாப்கின் பாக்கெட்டுக்குள் சரியாக இருக்கும். அந்தப் பாக்கெட்டை அவர் தொடமாட்டார், அப்படியொரு அருவருப்பு அவருக்கு. வேறெதற்குமில்லை, அதற்காகவே நடுவில் இருந்ததை வாங்கினேன்.

சில மாதம் என் தந்திரம் பலித்தது. விளக்கு எரியும். வீட்டுக்கு வரும் வழியில் நிறுத்தி, கைப்பையில் கொண்டுபோகிற பாக்கெட்டிலிருந்து ஸ்கேனரை எடுத்து அணைத்துவிடுவேன்.

பிறகு ஒரு வாரம் ஷிப்மென்ட் அவசரத்தில் நான் கம்பெனியை விட்டு நகரவில்லை. காரை அவரே ஓட்டினார். வார முடிவில் கத்திக்கொண்டே வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். விளக்கு எரிகிறதாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, ஒரு வாரமா நீங்கதானே ஓட்டுனீங்க?" என்றேன்.

தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் டிரைவர் சீட்டில் தள்ளினார். "கண்ணத் தொறந்து பாருடி!" என்று என் முகத்தை ஸ்டீயரிங்கில் மோதினார். மூக்கிலிருந்து ரத்தம் மடியில் வழிந்தது. யார் ஓட்டினாலும் எனக்குத்தான் அடி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஸ்கேனர் வாங்க வேண்டியிருந்ததே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. விளக்கைப் பார்த்தேன். மின்னவில்லை. நின்று எரிந்தது.

தோளை அழுத்திப் பிடித்திருந்த கையைக் கடித்தேன், பல் எலும்பில் படுகிற அளவுக்கு. அவர் அலறிக்கொண்டு பின்வாங்க, கதவை இழுத்து அறைந்தேன். இடையில் அவர் விரல்கள் இருந்தன. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அவர் விரல்களை உருவிக்கொண்டதும் கதவைப் பூட்டினேன். சாவி வண்டியிலேயே இருந்தது. கிளம்பும்போது ஒரு கல் வந்து பின்கண்ணாடியை நொறுக்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கேனர் பீரோவில் நாப்கின் பாக்கெட்டுக்குள்ளேயே கிடந்தது.

கணியூரில் அம்மா வீடு. வழி முழுக்க விளக்கு எரிந்தது. நான் எங்கும் நிறுத்தவில்லை.

அம்மா ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தார், நொறுங்கிய கண்ணாடியைப் பார்த்தார். என்ன கேட்பதென்று தெரியாமல் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, மஞ்சளா என்னமோ எரியுது?" என்றார்.

"எரியட்டும் விடுங்கம்மா" என்றேன். "எரிஞ்சாலும் வண்டி ஓடும்."