மூன்றரைக்கு முடியாத கோபம்

பழைய பைக் விற்கிற தொழிலில் இன்ஜினைவிட முதலில் சூடாவது விற்கிறவன் வாய்தான். கடலூர் முதுநகரில் நானும் என் மனைவியின் தம்பி சேகரும் கடை வைத்திருக்கிறோம். எதிரே நிற்பவர் மேல் எரிந்து விழுந்துவிட்டு, "என்ன பண்றது, என் சுபாவம் அப்படி" என்று சொல்லிக்கொள்ளும் என் இனத்தாருக்காக இதை எழுதுகிறேன்.

போன மாதம் சேகர் சொல்லிவிட்டான்: "மாமா, இப்படியே திட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா ஒண்ணாந்தேதியோட நான் சிதம்பரத்துல தனியா கடை போட்டுக்கிறேன்." சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறைச் சொல்கிறவன் அவன். அவன் போனால் கடையில் மிஞ்சுவது என் வாய் மட்டும்.

பேரம்

சிதம்பரத்தில் காலேஜில் சைக்காலஜி பாடம் நடத்தும் மேடம் ஒருவர் ஸ்கூட்டர் வாங்க வந்தார். நான் சேகரைத் திட்டிய திட்டைக் கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆளின் குணத்தை ஐந்து கூறாகப் பிரித்து அளக்கலாமாம்: புதுசை ஏற்கும் மனசு, பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், சட்டென்று கலங்குவது. ஒவ்வொரு வரிக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை நாமே போட வேண்டும்.

"எனக்குச் சீக்கிரம் கோபம் வரும்" என்ற வரிக்கு இரண்டு போட்டேன். சேகர் எட்டிப் பார்த்து, "அஞ்சு" என்றான். "சரி, பொதுவா மூணரைக்கு முடிச்சுக்கலாம் மேடம்" என்றேன். வாய்ப் பழக்கம். அவர் சிரிக்கவே இல்லை. "இதுல லாஸ்ட் ரேட்டெல்லாம் கிடையாதுங்க. யார்கிட்ட தள்ளுபடி கேக்குறீங்க, உங்ககிட்டயேவா?"

ஒர்க்‌ஷாப் முதலாளி

வண்டியை எடுத்துப்போக வந்த அன்று மேடம் இன்னொரு கொள்கை சொன்னார். சின்ன வயதில் பட்ட தாழ்வை ஈடுகட்டத்தான் மனுஷன் மேலே வரத் துடிக்கிறானாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எட்டாவதோடு படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவியவன் நான். முதலாளி என் பெயரைச் சொன்னதே கிடையாது, "டேய் தண்ணி"தான்.

அப்புறம் ஒரு வாரம், சேகரைத் திட்டுவது, உடனே இந்தக் கதையைச் சொல்வது என்று போனது. நாலாவது தடவை அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அந்த ஆளு உங்களைத் திட்டுனாரு, சரி மாமா. நான் அவருக்கு என்ன வேணும்?"

சாக்பீஸ் கோடு

மேடத்துக்கே போன் போட்டேன். "குணத்தை மட்டும் பாக்காதீங்க. யார்கிட்ட கோபம் வருது, வந்தா என்ன கிடைக்குதுன்னு பாருங்க. பலன் கிடைக்கிற பழக்கம் திரும்பத் திரும்ப வரும்" என்றார். சேகர் சுவரில் பெயர்களை எழுதி, யார்மேல் நான் கத்தினாலும் அவர் பெயருக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

வாரக் கடைசியில் பார்த்தோம். என்னை மூன்று நாள் அலையவிட்ட ஃபைனான்ஸ்காரருக்கு ஒரு கோடுகூட இல்லை. விலையை மறுபடி மறுபடி கேட்ட கம்மாபுரம் விவசாயிக்கு மூன்று. மூன்றாவது கோட்டில் அவர் மிரண்டுபோய், நான் சொன்ன விலைக்கே வாங்கிவிட்டார். சேகருக்குப் பதினேழு. இரண்டு முறை எண்ணினேன், குறையவில்லை. "உங்க கோவத்துக்குக் கண்ணு நல்லாத் தெரியுது மாமா. திருப்பிப் பேசாத ஆளாப் பாத்துதான் வருது" என்றான்.

பொறுமை

மாதத்தின் கடைசி நாள். திருவந்திபுரத்துக்காரர் ஒருவர், "கடைசியா சொல்லுங்க" என்று ஐந்தாவது முறை கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் ஆர்.சி. புத்தகத்தை டிராயருக்குள் எறிந்துவிட்டு எழுந்து நிற்பேன். ஆள் இறங்கி வந்துவிடுவார். கை டிராயர்வரை போனது. சேகர் சாக்பீஸோடு சுவரோரம் நின்றான். புத்தகத்தை மேஜைமேலேயே வைத்து, "இதாங்க விலை. யோசிச்சிட்டு வாங்க" என்றேன்.

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து சேகரிடம் கேட்டார்: "ஏங்க, வண்டியில எதாச்சும் கோளாறா? அண்ணன் இவ்ளோ பொறுமையா பேசுறாரு."

வாங்காமலே போய்விட்டார். நான் சேகர் பக்கம் திரும்பினேன். வாய் திறந்தது, தானாக மூடிக்கொண்டது. அவன் சாக்பீஸை என் சட்டைப் பையில் போட்டான். "நாளைக்கு நான் போவல மாமா. அடுத்த ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம். இனிமே கோடு நீங்களே போட்டுக்குங்க."

கோபம் என் சுபாவம் என்று இருபது வருஷமாக விற்றுக்கொண்டிருந்தேன். அதைப் பேரம் பேசாமல் முழு விலைக்கு வாங்கியவன் என் மச்சான் ஒருவன்தான்.