நிறுத்தாமல் விட்ட டிஸ்க்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒட்டுக்காரி’ என்று பெயர். கணினியின் அடிமட்டத்தில் ஓடும் மென்பொருள்தான் கெர்னல். புதிய கெர்னலில் சரிசெய்த பிழைகளை, வருடக்கணக்காக மாற்றாமல் ஓடும் பழைய கெர்னல்களுக்குத் தோதாக வெட்டி ஒட்டுவதுதான் அவள் பிழைப்பு.

அன்று காலை, டிஸ்கை இயக்கும் ‘டிரைவர்’ நிரலுக்கான திருத்தம் ஒன்றை அனுப்பியிருந்தாள். டிஸ்க் வெகுநேரம் பதில் சொல்லாவிட்டால், அதற்கு ஒதுக்கிய மெமரியைப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிடும் திருத்தம். சோதனைகளில் தேறியிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்றது. புதிய கெர்னல் பிடுங்குவதற்கு முன்னால் டிஸ்கை நிறுத்திவிடும். பழையதில் அந்த நிறுத்தமே கிடையாது. சாவகாசமாக விழிக்கும் டிஸ்க், தன் இடம்தான் என்று நினைத்து அடுத்தவர் விவரத்தின் மேல் எழுதிவிடும். சத்தமே வராது.

முதலில் அத்தான்தான் நினைவுக்கு வந்தார். அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். “மச்சினி கை பட்டதுன்னா கண்ணை மூடிட்டு ஏத்துவேன்” என்று பீற்றிக்கொள்வார்.

மேலாளரிடம் சொல்லித் திருத்தத்தைத் திரும்பப் பெற வைத்தாள். அத்தான் போனை எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டாள்.

“நான் கூப்பிட்டாலே எடுக்க மாட்டார், இதுல நீ வேற!” என்று சிரித்தாள் அக்கா.

வண்டி பிடித்து ஓடினாள். ஆஸ்பத்திரி நடைவழியில் ரிப்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவே பயந்தாள்.

“வா மச்சினி! நீ ஒட்டின பேட்ச்சை ஒரு மணி நேரம் முன்னாடிதான் லேப் சர்வர்ல ஏத்தினேன்.”

“பழசுக்கே திருப்புங்க அத்தான். தப்பா ஒட்டிட்டேன்.”

அவர் முகம் வெளிறியது. பழசுக்குத் திருப்பிவிட்டுப் பதிவுகளைத் தேடினார்கள். டிஸ்க் ஒரே ஒரு முறை தாமதித்திருந்தது. லேப்காரர்கள் அந்த நேரத்து ரிப்போர்ட்டுகளை ரத்தம் சோதித்த மெஷினோடு ஒப்பிட்டார்கள். ஒன்றின் கீழ்ப்பாதியில் வேறு யாருடைய எண்களோ இருந்தன.

அதை வாங்கிப்போன பெரியவர் டாக்டர் அறை வாசலில் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். அவள் கை நீட்டியதும் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஏம்மா, பெரிய வியாதியா?”

“இல்லைங்கய்யா. கம்ப்யூட்டர்ல தப்பு. நான் பண்ணின தப்பு. புதுசு தர்றாங்க.”

புது ரிப்போர்ட்டோடு அவர் உள்ளே போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

நிறுத்தத்தையும் சேர்த்து ஒட்டி, இன்னொருவர் கண்ணிலும் காட்டித்தான் மறுபடி அனுப்பினாள். எல்லாம் ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம், தாளை அணைத்திருந்த அந்த விரல்கள் அவள் கண்முன் வருகின்றன.