பர்வீனுக்கு விசா வந்துவிட்டது

இன்று நிலக்கோட்டை பஸ்ஸில் பர்வீனைப் பார்த்தேன். பேகம்பூர்ப் பெண். எம்.எஸ்சி. நர்சிங்கில் நான் நடத்தும் உலக சுகாதாரப் பாடத்தில் அவள்தான் முதல் மதிப்பெண். பூச்சிமருந்து மல்லிகை பறிப்பவர்களின் கைகளை என்ன செய்கிறது என்று தோட்டம் தோட்டமாக அலைந்து ஆய்வு எழுதியவள்.

"இப்ப எங்கம்மா இருக்க?"

"தனியார் ஆஸ்பத்திரிதான் மிஸ். பெட்ஷீட் எண்ணச் சொல்றாக. ஜெர்மனி விசா வந்துருச்சு, அடுத்த மாசம் போறேன். முதியோர் இல்லத்துல வேல."

"உன் ஆய்வு?"

"காலேஜ் பீரோவுலதான இருக்கு."

வாழ்த்துச் சொன்னேன்.

எங்கள் பேச்சைக் கேட்டபடி முன் சீட்டில் இருந்த பூக்கார அக்கா திரும்பிக் கையை நீட்டினார். விரலெல்லாம் வெடித்திருந்தது.

"நர்ஸம்மா, தோட்டத்துல மருந்தடிச்சதுலேருந்து எரியுது. செத்த பாருங்க."

பர்வீன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படிக் கழுவ வேண்டும், பறிக்கும்போது எந்த உறை போட வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

"இம்புட்டு வெவரமா யாரும் சொன்னதில்ல தாயி. எங்க ஊருக்கு ஒருக்கா வருவீகளா?"

பர்வீன் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை புது பேட்ச் வருகிறது. உலக சுகாதாரப் பாடத்தை எந்த நாட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும்? சொல்லுங்கள்.