கூரை ஏறாத நாய் அறைகள்

நானும் என் தோழியும் நாட்டின் தலைநகரில், கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். வண்டியில் அடிபட்ட தெருநாய்களை அங்கே வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் நகரத்து ஓரத்தில், ஒரு பெரிய சாக்கடையை ஒட்டிச் சும்மா கிடந்த மனையைத் தெரிந்தவர் ஒருவர் கொடுத்தபோது யோசிக்காமல் ஒப்புக்கொண்டோம். அங்கே தற்காலிகமாகத் தார்ப்பாய் கட்டி வைத்திருந்த நாய்களுக்குக் குளிர் வருவதற்குள் வரிசையாகச் சின்ன அறைகள் கட்டிவிடலாம் என்று நினைத்தோம்.

தோண்டியபோதுதான் தெரிந்தது, அது பழைய குப்பைமேடு. மண்வெட்டியில் பாலிதீன் பைகளும் கண்ணாடிச் சில்லுகளும்தான் வந்தன. அஸ்திவாரக் குழியில் கறுப்புத் தண்ணீர் ஊறி, ஓரம் சரிந்து விழுந்தது. சந்துக்குள் லாரி நுழையாது. செங்கல்லைப் பேட்டரி ரிக்‌ஷாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரும் அவர் மனைவியும்தான் வேலை செய்தார்கள். சரிந்ததை மறுபடி மறுபடி தோண்டி, தீபாவளிக்குள் சுவரை எழுப்பிவிட்டார்கள். தகரக் கூரை மட்டும்தான் பாக்கி.

அப்போது வருஷாவருஷம் குளிர் தொடங்கும்போது நகரத்தை மூடும் புகைமூட்டம் வந்தது. காற்று மோசமானதால் நகரம் முழுக்கக் கட்டட வேலையை நிறுத்த உத்தரவு போட்டார்கள். எங்களிடம் சொல்ல வந்த அதிகாரி சின்ன வயதுக்காரர். தார்ப்பாய்க்குள் குனிந்து பார்த்தார். தன் வீட்டிலும் நாய் இருக்கிறது என்று இந்தியில் சொன்னார். கூரையை மட்டும் போட்டுக்கொள்கிறோமே என்று கெஞ்சினேன். முடியாது மேடம் என்றார். அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? என் கைப்பையிலேயே மூச்சிரைப்புக்கான இன்ஹேலர் இருந்தது.

கொத்தனாரிடம் திருட்டுத்தனமாகப் போட முடியுமா என்று கேட்டேன்.

"அரை நாள் வேலதாங்கா. ஆனா டிரில் போட்டா தெருவுக்கே கேக்கும். புடிச்சா மிஷினத் தூக்கினு போயிடுவாங்க. அப்புறம் நான் இன்னா பண்றது?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் எங்கேயும் வேலை இல்லை. குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்க இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றாள் அவர் மனைவி. வீடு வீடாக விசாரித்தேன். எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஆள் இருந்தது.

இடுப்பு உடைந்த கறுப்பு நாய் ஒன்று இருந்தது, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டே நகரும். மழை பெய்த மறுநாள் காலையில் தார்ப்பாய் கிழிந்து, கீழே விரித்திருந்த சாக்கெல்லாம் ஊறிக் கிடந்தது. நாங்கள் போனபோது அதற்கு உயிர் இருந்தது. தோழி தன் சால்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கால்நடை டாக்டர் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, இதோ வந்துவிட்டேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வருவதற்குள் போய்விட்டது.

"அதோ செவுரு நிக்கிதுக்கா, நாலு தகரம் போட முடில பாரு" என்றாள் கொத்தனாரின் மனைவி. அவளே குழி தோண்டினாள்.

அடுத்த வாரம் தடையை எடுத்தார்கள். ஒரே முற்பகலில் கூரை ஏறிவிட்டது. ஆனால் மழையில் குப்பை அமுங்கிக் கடைசி அறையின் சுவர் விரல் நுழையும் அளவு பிளந்திருந்தது. அதை இடித்துக் கட்டவேண்டும் என்றார் கொத்தனார். இடிக்க ஆரம்பிப்பதற்குள் மறுபடி தடை வந்துவிட்டது. அந்த அறையை விட்டுவிட்டு, மற்றவற்றில் வைக்கோல் பரப்பி நாய்களை விட்டோம். இடம் போதவில்லை. எதை வெளியே படுக்கவைப்பது என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல வாய் வரவில்லை.