பணிப்பாளரை நிற்க வைத்த றாபியா

மாத்தளையிலிருந்து கலேவெல வரைக்கும் சிறு கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் ஜாம், சட்னி, பழரசக் கோர்டியல் போத்தல்களில் பலவற்றை றாபியாவிடம் படித்தவர்கள்தான் செய்கிறார்கள். போத்தலில் அவர்களுடைய பெயர் இருக்கும். அவளுடைய பெயர் எங்கும் இருக்காது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. வருடா வருடம் வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தவள்.

பலாபத்வலவுக்குச் சற்று முன்னால், பிரதான வீதியோரம் இருக்கும் உயர்தொழிற் கல்லூரியில் அவள் உணவு பதப்படுத்தல் போதனாசிரியை. தமிழ்மொழிமூலப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு நடத்துவது அவள் பொறுப்பு. 2009ஆம் ஆண்டு ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தாள். ஒவ்வொரு மார்ச் முப்பத்தோராம் திகதியும் அவளுடைய வேலை முடியும். ஏப்ரல் முதலாம் திகதி புதுக் கடிதம் வரும். நிரந்தரமாக்குவதாக ஒவ்வொரு பணிப்பாளரும் சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் ஆதிபா பிறந்தபோது, முழுப் பிரசவ விடுமுறை எடுத்தால் ஒப்பந்தம் அறுந்துபோகும் என்று அலுவலகத்தில் பயமுறுத்தினார்கள். அலுவிகாரையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, தையல் ஆறாத வயிற்றோடு அவள் வேலைக்கு வந்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் மாசி மாதத்தில், நோன்பு தொடங்கிய கிழமையே, நிர்வாக சபை ஒரு தீர்மானம் எடுத்தது. அதற்கு மறுசீரமைப்பு என்று பெயர். ஏப்ரலிலிருந்து தமிழ், சிங்களப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு ஒன்றாகச் சிங்களத்திலேயே நடக்கும். ஆகவே றாபியா தேவையில்லை. வேலைத்தலத்து உதவியாளர்கள் தேவையில்லை. விடுதிச் சமையற்காரப் பெண்களும் தேவையில்லை. யாரெல்லாம் தேவையில்லை என்று கண்டுபிடிக்கக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகரைச் சம்பளம் கொடுத்து வரவழைத்திருந்தார்கள். அந்த மனிதர் விடுதியில் இரண்டு நாள் சாப்பிட்டார். சமையற்காரி மரிய கொறற்றியைக் கூப்பிட்டு, இப்படியொரு பொல்சம்பல் தான் சாப்பிட்டதேயில்லை என்று புகழ்ந்தார். பிறகு போய், விடுதிக்குச் சமையலறை வீண்செலவு என்று அறிக்கை எழுதினார்.

செய்தி கேட்ட அன்று றாபியா செய்கூடத்தில் நீராவிப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். அழுத்தம் இறங்குமுன் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் சொல்லத்தான் அவள் இருந்தாள். "இனிமே வெந்த பொறகு புரிஞ்சுக்கட்டும்ங்கிறாங்களா?" என்று கேட்டாள்.

ஊழியர் சங்கத் தலைவர் ரபாயேல். மின்வேலைப் பிரிவில் நிரந்தர ஊழியர். அவருடைய வேலைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் வெளியே வந்து வாசலுக்கு முன்னால் தறப்பாள் கட்டியவர் அவர்தான். ஒப்பந்த ஊழியர்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். ஆனால் அவர்கள் மட்டும் வெளியே இருந்தால் நிர்வாகத்துக்கு வலிக்காது. மார்ச் நடுவில் செய்முறைப் பரீட்சை. பரீட்சைப் பிரிவும் வெளியே வந்தால்தான் கல்லூரி ஸ்தம்பிக்கும். பரீட்சைப் பிரிவின் மூத்த எழுதுவினைஞர் குசும் என்ற சிங்களப் பெண், தன் ஆட்களோடு பேசி, வருகிற திங்கட்கிழமை எல்லாரும் வெளியே வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

நோன்பு காலமென்பதால் பணிப்பகிஷ்கரிப்புக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. பின்னேரமானால் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் மர்சூக் ஹாஜியார் ஒரு வாளி கஞ்சி அனுப்பி வைப்பார். தறப்பாளுக்குக் கீழே பாய் விரித்து, பாங்கு சொன்னதும் நோன்பு திறப்பார்கள். கத்தோலிக்கர்களும் சிங்களவர்களும் சேர்ந்தே உட்காருவார்கள். ரபாயேலுக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார் என்பதால், றாபியா வீட்டிலிருந்து இறைச்சி போடாத கஞ்சி தனியாகக் கொண்டுவருவாள்.

"ஒங்களுக்கு நோன்பு, எங்களுக்குத் தவசு. உள்ள இருக்கிற ஆளுக்கு மட்டுந்தான் மூணு வேளையும் பசிக்குது," என்பார் ரபாயேல்.

"அவரும் நோன்புதான் அண்ணன். எங்க ஆள்தானே," என்பாள் றாபியா.

"வயித்துக்கு நோன்பு. கைக்கு இல்லையே!"

உள்ளே இருந்த ஆள் பணிப்பாளர் ஜிப்ரி. மாத்தளை டவுனில் பேர்போன குடும்பம். தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்.

அந்த வெள்ளிக்கிழமை, பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், ஜிப்ரி உள்ளேயிருந்து நடந்து வந்தார். கையில் ஒரு பெட்டி பேரீத்தம்பழம். கூடவே அவருடைய அலுவலக உதவியாளர். கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"என்ன மிஸ், எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?" என்று றாபியாவைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம புள்ளைகள ரோட்டுல விட்டுட்டு நான் உள்ள எப்பிடி நோன்பு தொறக்கிறது?"

நோன்பு திறக்கிற நேரத்தில் வந்து நிற்பவரை, எதிரியாக இருந்தாலும், யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மாத்தளையில் எந்த வீட்டிலும், எந்தக் கடையிலும் அப்படி நடந்ததில்லை. றாபியா யோசிக்கவே இல்லை. கை தானாகப் பாயை இழுத்து விரித்தது. கஞ்சிக் கோப்பையை அவளே நீட்டினாள். ஜிப்ரி சம்மணமிட்டு உட்கார்ந்து, ரபாயேலின் தோளில் கைபோட்டுக்கொண்டு, இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். வேலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதனுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறதோ என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. உதவியாளர் படம் பிடித்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அந்தப் படம் எல்லாருடைய கைப்பேசியிலும் இருந்தது. கல்லூரியின் முகநூல் பக்கத்தில் மூன்று மொழிகளிலும் போட்டிருந்தார்கள். பணிப்பாளரும் ஊழியர்களும் ஒன்றாக நோன்பு திறந்தார்கள். பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது. பணிப்பகிஷ்கரிப்பு முடிவுக்கு வருகிறது. படத்தின் நடுவில், சிரித்த முகத்தோடு கஞ்சி நீட்டிக்கொண்டு றாபியா.

தறப்பாளுக்குக் கீழே ரபாயேலின் கைப்பேசி அடித்தது. குசும் பேசுவது சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "நீங்கள் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டீர்கள். நாங்கள் எதற்கு எங்கள் வேலையைப் பணயம் வைக்க வேண்டும்?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ரபாயேல் திரும்பினார்.

"பாய் விரிச்சது நீங்கதானே, மிஸ்?"

"நோன்பாளி வந்து நின்னா வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"செய்ய வேண்டியதத்தான் செஞ்சீங்க. அந்த ஆளுக்கு அது நல்லாத் தெரியும். அதான் அந்த நேரம் பாத்து வந்தான்."

அதுதான் அவளைச் சுட்டது. ஜிப்ரி அவளை வெறுமனே ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவளிடம் இருந்த நல்ல பழக்கத்தையே எடுத்து, அதைக் கொண்டே அவள் கழுத்தில் சுருக்குப் போட்டிருந்தான். அல்லாஹ்வுக்காகப் பிடித்த நோன்பை விளம்பரமாக்கியிருந்தான்.

வீட்டில் கணவன் நுஹ்மான், கலேவெல சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவன், படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எனக்கு ஒரு நாளும் இப்பிடிச் சிரிச்சிக்கிட்டு கஞ்சி தந்ததில்லையே நீ."

"இன்னொருக்கா சொன்னீங்கன்னா கஞ்சிச் சட்டியோட தலையில ஊத்துவேன்."

அவன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜிப்ரி மறுபடியும் வந்தார். இந்த முறை வாகனத்தில். கூடவே நிர்வாக சபைத் தலைவர், கமராவோடு ஒரு படப்பிடிப்பாளர், இரண்டு தட்டு நிறைய சமோசாவும் கட்லட்டும். முதல் படம் வேலை செய்தது. இரண்டாவது படத்தோடு கதையை முடிக்கலாம் என்ற கணக்கு. அன்றைக்கு மர்சூக் ஹாஜியாரும் கஞ்சியோடு தானே வந்திருந்தார். பெரிய மனிதர்களைக் கண்டதும் எழுந்து இடம்விடப் பார்த்தார்.

றாபியா தறப்பாளின் வாசலில் போய் நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சேர். வெள்ளிக்கிழமை எடுத்த படத்துக்குக் கீழ என்ன எழுதினீங்க?"

"வஅலைக்கும் ஸலாம். அது ஒபிஸ் பொடியனுங்க போட்டது மிஸ். நான் பாக்கவே இல்ல."

"சரி. அப்ப இந்தக் கமராவுல சொல்லுங்க, ஸ்ட்ரைக் முடியல்ல, யாரோடயும் பேசித் தீக்கல்லன்னு. சொல்லிட்டு உள்ள வாங்க. நானே பாய் விரிக்கிறேன்."

அவள் என்ன சொல்கிறாள் என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார். ஜிப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரபாயேல்தான் மொழிபெயர்த்தார், கொஞ்சம் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து, வீதிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. தலைவரின் முகம் கறுத்தது.

"பாங்கு சொல்லப் போகுது. இதெல்லாம் பொறகு பேசுவோம்," என்றார் ஜிப்ரி.

"பொறகுன்னா ஏப்ரல் ஒண்டுக்கா?"

பாங்கு கேட்டது. மர்சூக் ஹாஜியார் பதறினார். "றாபியா! நோன்பாளிய வாசல்ல நிப்பாட்டாத புள்ள. பெரும் பாவம்."

அவள் உள்ளே போனாள். விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு பேரீத்தம்பழமும் ஒரு கோப்பை கஞ்சியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நோன்பத் தொறங்க, சேர். நீங்க புடிச்ச நோன்பு அல்லாஹ்வுக்கு. அதுல நான் கை வைக்க மாட்டேன். ஆனா இந்தப் பாயில ஒங்களுக்கு எடமில்ல. இது வேலை போனவங்க உக்காருற பாய்."

நின்றபடி குடிப்பது அழகல்ல என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாத்தளை டவுனின் முதல் வரிசைக்காரர், ஒரு கையில் பழமும் ஒரு கையில் சுடுகஞ்சியுமாக, லொறிகள் புழுதி கிளப்புகிற வீதியோரத்தில் நின்றார். படப்பிடிப்பாளர் கமராவை இறக்கினார். மரிய கொறற்றி மட்டும் தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஜிப்ரி பழத்தை வாயில் போட்டார். கஞ்சியை வாசல் தூணடியில் வைத்தார்.

"நிக்க வச்சு கஞ்சி குடுத்துட்டீங்க மிஸ். இத மறக்க மாட்டேன்."

"மறக்காதீங்க. தையல் காயாம நான் வேலைக்கு வந்தத இந்தக் காலேஜ் மறந்த மாதிரி இதையும் மறந்துறாதீங்க."

திங்கட்கிழமை காலை டவுன் முழுக்க இதே பேச்சு. பொம்பளைக்கு இவ்வளவு திமிரா என்றார்கள். மர்சூக் ஹாஜியார் கஞ்சி அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் மரிய கொறற்றி எடுத்த காணொளியைக் குசுமும் பார்த்திருந்தாள். பரீட்சைப் பிரிவு முழுவதும் அன்று வெளியே வந்தது. பின்னேரம் குசும் ஒரு பெரிய சட்டி இலைக்கஞ்சியும் கடித்துக்கொள்ளக் கித்துல் கருப்பட்டியும் கொண்டுவந்து இறக்கினாள்.

"இதில் இறைச்சி இல்லை. ரபாயேல் மாத்தயாவுக்குத் தனிச் சட்டி வேண்டாம்," என்றாள் சிங்களத்தில்.

வியாழக்கிழமை, பரீட்சைக்கு முதல் நாள், நிர்வாகம் இறங்கி வந்தது. ரபாயேலை உள்ளே கூப்பிட்டு இணக்கப்பாட்டைக் கையில் கொடுத்தார்கள். அவர் வெளியே வந்து வாசித்தார். ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும். தமிழ்மொழிமூலச் செய்முறை வகுப்புகள் தொடரும். கைதட்டல் எழும்பியது. அவர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, கடைசிப் பந்தியை வாசித்தார். பணிப்பாளரைப் பொது இடத்தில் அவமதித்த போதனாசிரியை மட்டும் சேர்க்கப்படமாட்டார்.

மரிய கொறற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது. வேலைத்தலத்து உதவியாளர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக றாபியாவின் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று அவளுக்கு விளங்கியது. அது விளங்கியபோதுதான், ஜிப்ரியின் மேல்கூட இந்த அளவு வராத கோபம் இவர்கள் மேல் வந்தது.

"என்ன பாக்குறீங்க? 'எனக்குப் பரவால்ல, நீங்க எல்லாரும் உள்ள போங்க'ன்னு சொல்லுவேன்னு பாக்குறீங்களா? சொல்ல மாட்டேன். எனக்குப் பரவால்லாம இல்ல. எனக்கு என் வேலை வேணும். கையெழுத்து வைக்காதீங்க அண்ணன்."

"மிஸ், இத்தன பேரு..."

"இத்தன பேருக்கும் சேத்துத்தான் நான் அங்க போய் நின்னேன். நீங்க யாரும் நிக்கல்ல. நான் நின்னேன். இப்ப எனக்காக நீங்க நில்லுங்க. நான் கேட்டுத்தான் நிப்பீங்கன்னா, கேக்குறேன்."

குசுமுக்குத் தமிழ் முழுவதும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மரிய கொறற்றியும் உட்கார்ந்தாள். "நான் உள்ள போக மாட்டேன். சாமியாரே வந்து சொன்னாலும் போக மாட்டேன்," என்று அழுதுகொண்டே சொன்னாள்.

ரபாயேல் கையெழுத்து வைக்காத தாளோடு மறுபடி உள்ளே போனார். வெள்ளிக்கிழமை பரீட்சை நடக்கவில்லை. அடுத்த கிழமை, பெருநாளைக்கு முன்னால், நிர்வாகம் அந்தக் கடைசிப் பந்தியை நீக்கியது.

ஏப்ரல் முதலாம் திகதி றாபியாவுக்குக் கடிதம் வந்தது. வழக்கம்போல ஒரு வருடத்துக்கு. நுஹ்மான் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அதான் வேலை கெடச்சிருச்சே. இன்னும் என்ன கோவம்?"

"கேட்டதாலதானே கெடச்சிச்சு," என்றாள் அவள், செய்கூட மேலங்கியை மடித்துப் பையில் வைத்தபடி. "கேக்காம இருந்திருந்தா, எல்லாரும் எனக்கு ஒரு பொன்னாடை போத்திட்டு உள்ள போயிருப்பாங்க."