தைக்க அனுமதி பெற்ற லாரி டிரைவர்

அந்த ராணுவக் குடியிருப்பில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. புருஷன் தோளில் என்ன பட்டையோ, அதுதான் பெண்டாட்டிக்குப் பெயர். மேஜரின் மனைவி மேஜரம்மா. பட்டாளத்து லாரி ஓட்டுகிறவனின் மனைவி மட்டும் தன் கையால் சம்பாதித்த பெயரோடு இருந்தாள்: தையல்காரி. அதுவே சிலருடைய கண்ணை உறுத்தியது.

அப்படி என்ன பெரிய சாம்ராஜ்யம் அவளுடையது? இரண்டு அறை வீடு. சன்னலோரம் தாய் கொடுத்த மிதி மெஷின். பக்கத்தில் துணி மிச்சங்களைப் பரப்பி, அதன்மேல் உறங்கும் பெண் குழந்தை. அதன் முகத்தைத் தகப்பன் இன்னும் பார்க்கவில்லை. அவன் எல்லையில் இருந்தான். லீவு கேட்டபோதெல்லாம் வண்டி ஓட்ட ஆளில்லை என்றே பதில் வந்தது. அவன் சம்பளம் எந்த மாதமும் கடைசி வாரத்தை எட்டிப் பார்த்ததில்லை. அந்த வாரத்தை மெஷின்தான் ஓட்டியது. அது நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

ஆண்டு விருந்துக்குக் கவுன் வேண்டுமென்று மேஜரம்மா ஒருநாள் நீலப் பட்டோடு வந்தாள். அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். தையல்காரி இரண்டு விரல் கூட்டிக் குறித்தாள். பட்டை வெட்டி முடித்த பிறகு கூலியைச் சொன்னாள். அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவள் போல மேஜரம்மா விழித்தாள்.

"நமக்குள்ள என்னம்மா கூலி? உன் வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரருக்குக் கீழதானே இருக்காரு?"

"அவர் வண்டி ஓட்டறது பட்டாளத்துக்கும்மா. நான் தைக்கிறது உங்களுக்கு. ரெண்டும் வேற வேற."

போதாதா? மறுநாளே குடியிருப்பு அலுவலகத்துக்குப் புகார் போனது. மெஷின் சத்தத்தில் மேஜரம்மாவுக்குத் தலைவலியாம். அவளுடைய பங்களாவோ துப்பாக்கி சுடும் திடலுக்கு அந்தப் பக்கம். வேட்டுச் சத்தத்துக்கு நடுவே மதியம் குறட்டை விடும் மகராசியின் காதில், இந்த ஏழை வீட்டு மெஷினின் கடகட மட்டும் காய்ச்சிய ஈயமாய்ப் போய் விழுந்ததாம். கொஞ்சம் மிரட்டிவைத்தால் சும்மா தைத்துக் கொடுப்பாள் என்பது அவள் போட்ட கணக்கு. ஆனால் அலுவலகம் என்ன அவள் வளர்க்கும் நாயா, ஏவினால் குரைத்து, கூப்பிட்டால் திரும்பிவர?

அங்கே ஒரு பெரிய கிளார்க். 'முத்திரை' என்று பட்டப்பெயர். சோற்றுத் தட்டைக் கொடுத்தாலும் ஓரத்தில் முத்திரை குத்திவிட்டுத்தான் சாப்பிடுவான் என்று ஊரே சிரிக்கும். குடியிருப்பில் தொழில் நடத்த அனுமதி வேண்டும் என்றான். அனுமதிக்குக் கட்டணம். இரண்டு பக்கத்து வீட்டாரின் சம்மதம். வாசலில் பலகை மாட்டமாட்டேன் என்று ஓர் உறுதிமொழி. மாட்டாத பலகைக்கும் ஒரு கட்டணம். போதாததற்குத் தீயணைக்கும் சிலிண்டர் வேறு. அந்த விலைக்கு இன்னொரு மெஷினே வாங்கலாம். வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் வெடிமருந்துக் கிடங்கு இருந்தது. அந்தப் புத்திசாலிக்கு நூல்கண்டைப் பற்றித்தான் கவலை.

அவள் கம்மலை விற்று சிலிண்டர் வாங்கினாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் நூலைக் கோத்து முடிந்துகொண்டாள்.

ஒருவழியாக அனுமதி வந்தது. அந்த வீட்டில் பெண்கள் உடை தைக்க லாரி டிரைவருக்கு அனுமதி, வேறு எவரும் தைக்கலாகாது என்றிருந்தது. வீடு சிப்பாய்க்குக் கொடுத்ததாம். ஆகவே அதற்குள் நடக்கும் தொழிலையும் சிப்பாய்தான் நடத்த வேண்டுமாம். அதைத் தூக்கிக்கொண்டு முத்திரையிடம் ஓடினாள்.

"சார், அவருக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது."

"அது உங்க குடும்ப விஷயம்."

"தைக்கிறது நான்தான் சார்."

"நீங்க தைச்சா, அவர் உங்கள வேலைக்கு வச்சிருக்கார்னு ஆயிடும். ஆள் வைக்கத் தனி அனுமதி. அதுக்கு அவர் நேர்ல வரணும்."

அன்று மாலையே வந்து, மெஷின் சக்கரத்தைக் கயிற்றால் கட்டி அரக்கு வைத்துவிட்டுப் போனான். தாயின் கைபட்ட மெஷின் குற்றவாளியைப் போலக் கட்டுண்டு நின்றது. அதன்மேல் முகத்தைக் கவிழ்த்து அழுதாள் தையல்காரி. மெஷின் சத்தமில்லாமல் உறங்கிப் பழகாத குழந்தையும் சேர்ந்து அழுதது. அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, மேசைமேல் வெட்டியபடி கிடந்த நீலப் பட்டு கண்ணில் பட்டது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவர் வெட்டிய துணியில் இன்னொருவர் கைவைப்பதில்லை என்பது தையல் தொழிலின் வழக்கம். கவுன் கெட்டால் பழி கடைசியாகத் தொட்டவர் தலையில் விழும். மேஜரம்மா வெட்டிய துணியை வாங்கிக்கொண்டு போய்க் கடைவீதி முழுக்க அலைந்தாள். ஒரு தையல்காரரும் தொடவில்லை. விருந்து நெருங்கியபோது அவள் திரும்ப வந்து நின்ற இடம் அந்த இரண்டு அறை வீட்டு வாசல். கதவைச் சாத்திக்கொண்டு தைத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று குழைந்தாள்.

"ஐயோ, சட்டம் இருக்கேம்மா. சத்தம் கேட்டா உங்களுக்குத் தலைவலி வேற வருமே. அனுமதி அவருக்குத்தான். அவர் வந்தா கவுன் தயார்."

"லாரி டிரைவர் கவுன் தைப்பானா?"

"முத்திரை குத்தியே குடுத்திருக்காங்கம்மா."

வண்டி ஓட்ட ஆளே இல்லை என்று ஒரு வருஷமாகக் கைவிரித்த படைப்பிரிவுக்கு ஒரே நாளில் ஆள் கிடைத்துவிட்டது. லாரி டிரைவர் வந்து சேர்ந்தான். குழந்தை முதலில் அவன் மீசையைப் பார்த்து வீறிட்டது. பிறகு சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இடுப்பில் அந்தச் சுமையோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தான். அரக்கைப் பிரிக்க வந்த முத்திரை, தைத்துக் காட்டு என்றான். அவன் பிரேக்கை அழுத்துவது போல ஒரு மிதி மிதித்தான். நூல் பட்டென்று அறுந்தது. எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று எழுதிக்கொண்டு அந்த மேதை கிளம்பிப்போனான். அப்புறம் தையல்காரி வந்து உட்கார்ந்தாள்.

கவுன் கூட்டிய இரண்டு விரலோடு கச்சிதமாகப் பொருந்தியது. மேஜரம்மா கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன இருந்தாலும் ஆம்பளை கை தனிதான். இந்த நேர்த்தி உனக்கு வராதும்மா."

உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் தையல்காரி சிரிக்காமல் தப்பித்தாள். கூலி முழுதாக வந்தது, அவன் கையில். மறுநாள் அதைக் கொண்டுபோய் முத்திரையிடம் கட்டி, பெண்டாட்டியை வேலைக்கு வைத்துக்கொள்ள அவன் அனுமதி வாங்கினான். இப்போது ஏட்டில் அவள் புருஷனிடம் கூலிக்கு இருப்பவள். அதை நினைத்து அவன் தலைகுனிந்தான். அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் எல்லைக்குத் திரும்பிப்போனான். மெஷின் நிற்காமல் ஓடியது. அடுத்த ஆண்டு மேஜரம்மா சிவப்புப் பட்டோடு வந்து, இப்போதுதான் அனுமதி இருக்கிறதே, நீயே தைக்கலாமே என்றாள். நூல் முடிந்திருந்த காதில் இப்போது புதுக் கம்மல். தையல்காரி பணிவாகத் தலையாட்டினாள்.

"பாவாடை, சட்டைன்னா நானே தைச்சிடுவேம்மா. கவுனுக்கெல்லாம் ஆம்பளை கை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? மொதலாளி வரட்டும்."