வைத்தியர் பூனையின் பாதத்தை விரித்தபோது

போன வருடம் குளிர் தொடங்கிய நேரம் நடந்தது இது. இலண்டன் கிங்ஸ்பரியில், நானும் அப்பாவும் எங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு முதன்முறையாக ஒரு மிருக வைத்தியரிடம் போயிருந்தோம்.

பூனை எங்களிடம் வந்து சில வாரங்கள்தான். என்னோடு வேலை செய்த ஒரு பெண் அமெரிக்காவிலிருந்து வந்தபோது அதையும் கொண்டுவந்திருந்தார். வேறு நாட்டுக்கு மாற்றலானதும், கூட்டிப்போக வழியில்லாமல் என்னிடம் தந்தார். முன்கால்களில் நகம் இல்லை, குட்டியிலேயே அங்கே எடுத்துவிட்டார்கள் என்றார். வீட்டில் எல்லோருக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. "அப்ப சோபா தப்பீட்டுது" என்றார் அப்பா.

சோபா தப்பியது. மற்ற எதுவும் தப்பவில்லை. மலசலம் கழிக்கவென்று வைத்த மணல் தட்டை விட்டுவிட்டு, அம்மா மடித்துவைத்த துணியாகப் பார்த்துச் சிறுநீர் கழித்தது. தூக்கப் போனால் கடித்தது. கோயிலுக்கென்று எடுத்துவைத்த பட்டுச்சேலை நனைந்த அன்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்: வைத்தியரிடம் காட்டு, சரிவராவிட்டால் மிருகக் காப்பகத்தில் கொண்டுபோய் விடு. எனக்கோ அதை விடவே மனமில்லை. வேலை முடிந்து வந்தால் கதவடியில் எனக்காகக் காத்திருக்கிற ஒரே சீவன் அதுதான்.

இன்னொரு பயமும் இருந்தது. பூனைக்கு நகம் எடுப்பது இந்த நாட்டில் குற்றம் என்று இணையத்தில் படித்திருந்தேன். நாங்கள்தான் செய்வித்தோம் என்று வைத்தியர் நினைத்துவிட்டால்? அகதியாக வந்த காலத்து விசாரணைகளில் அலைக்கழிந்த அப்பாவுக்கு இதற்கு ஒரு வழிதான் தெரியும். காரிலேயே சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயாய் ஒண்டும் அவிழ்க்காதை." எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். சின்ன வயதிலிருந்தே கவுன்சில், ஆஸ்பத்திரி என்று அவருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவன். அந்தப் பாடம் எனக்கும் ஊறியிருந்தது.

வைத்தியர் இளம் பெண். சாப்பிடுகிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். மலசலம் கழிப்பதில் ஏதும் சிக்கலா? இல்லை என்றேன். அப்பா மெல்லத் தலையாட்டினார். பூனை கடித்த கையை ஜாக்கெட் பைக்குள் விட்டிருந்தார்.

பிறகு வைத்தியர் முன்காலைப் பிடித்துப் பாதத்தை விரித்தார். பூனை உறுமிக்கொண்டு காலை இழுத்தது. அவர் கை அப்படியே நின்றது. இதை யார் செய்தது என்று கேட்டார்.

பூனை என் கைமடிப்புக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. மறைத்தால் இதற்கு மருந்தே கிடைக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அமெரிக்கா, கடி, சேலை, காப்பகம், சற்றுமுன் இல்லை என்று சொன்னது பொய் என்பது வரை.

"என்னடா, முழுக்கக் கொட்டுறாய்?" என்று அப்பா முணுமுணுத்தார்.

வைத்தியர் கோபப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இப்படியான பூனைகளை முன்பும் பார்த்திருக்கிறாராம். உங்கள்மேல் பிழையில்லை என்றார். பிறகு தன் விரலின் கடைசி மூட்டைத் தொட்டுக் காட்டினார். நகத்தை மட்டும் எடுப்பதில்லை, இந்த இடத்து எலும்போடு சேர்த்துத்தான் வெட்டுவார்கள். அந்தப் பாதத்தோடு கரடுமுரடான மணலில் நின்றால் நோகும், அதனால்தான் துணியைத் தேடுகிறது. பயந்தால் கீறுவதற்கு நகமில்லை, அதனால் கடிக்கிறது.

மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா கையை வெளியே எடுத்துத் தன் விரல் நுனியைப் பார்த்தார். "அப்ப நகத்தையில்லை, விரலையெல்லோ வெட்டியிருக்கினம்."

பிறகு யாரும் கேட்காமலே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரே வைத்தியரிடம் சொல்லத் தொடங்கினார். காலையில் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் இறங்குகிறதாம். தட்டில் கால் வைத்ததும் உதறுகிறதாம். நான் காணாததையெல்லாம் அவர் கண்டிருந்தார்.

நோவுக்கு மருந்து தந்து, மணலுக்குப் பதிலாக மென்மையான கடதாசித் துகள் போடச் சொன்னார் வைத்தியர். ஒரு கிழமைக்குள் பூனை தட்டுக்குத் திரும்பியது. காப்பகப் பேச்சை அம்மா பிறகு எடுக்கவில்லை. இப்போதும் எப்போதாவது கடிக்கும். "எங்கையோ நோகுது போல, விடு" என்பார் அப்பா.

அன்று நான் வாயைத் திறந்திராவிட்டால், ஒரு உயிரின் வலியைக் குழப்படி, அடம் என்று நினைத்தே அதை வீட்டைவிட்டு அனுப்பியிருப்போம் என்று எண்ணும்போது, இன்றும் மனம் ஒருமுறை பதறிவிட்டுத்தான் ஆறுதலடைகிறது.